ரோ ஏன் உடைகிறது

வணக்கம் ஐயா,

கியோத்தோவில் ஷாகுஹாச்சி என்ற ஜப்பானிய மூங்கில் குழல் கற்றதைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்துத்தான் நானும் ஒன்று வாங்கினேன். பிளாஸ்டிக்கில் செய்தது. ஏழு மாதமாக ஊதுகிறேன். மற்ற சுரங்கள் ஓரளவு பேசுகின்றன. எல்லாத் துளைகளையும் மூடி ஊதும் ‘ரோ’ மட்டும் பாதியில் உடைந்து மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடுகிறது, இல்லையென்றால் வெறும் காற்றாகிவிடுகிறது. ஜென் பற்றி நிறையப் படிக்கிறேன். ஒரே ஒலியில் புத்தநிலை என்பது இந்தக் குழலை ஊதித் திரிந்த மாசற்ற கொமுசோ துறவிகளின் வழி அல்லவா? என் மனம் அடங்காததால்தான் ரோ வரவில்லை என்று தோன்றுகிறது. குழலைக் கொஞ்ச காலம் ஓரமாக வைத்துவிட்டு முதலில் தியானத்தைச் சரிசெய்துகொண்டு, அப்புறம் ஹொன்கியோக்கு என்ற பழைய தியானப் பாடங்களைத் தொடங்கலாமா? நல்ல மூங்கில் குழல் வாங்கினால் மாற்றம் தெரியுமா? ஜென் மரபின் ஆதிகுரு என்று சொல்லப்படும் போதிதர்மர் காஞ்சியிலிருந்து போனவர், அதனால் இது நமக்கு இயல்பாகவே வரும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார்.

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் குழல் மடியில்தான் இருந்தது. அதில் மூன்று இடங்களில் கறுப்பு நூல் சுற்றியிருக்கும். அந்த நூலைப் பற்றி எழுத வேண்டும் என்று சில வாரங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தேன், நீங்கள் எழுத வைத்துவிட்டீர்கள்.

முதலில் போதிதர்மரை விட்டுவிடுங்கள். எந்தக் கலையும் ஊர்ப்பெயரால் யாருக்கும் வந்ததில்லை. இந்தக் குழல் ஜப்பானுக்குப் போனது டாங் அரசமரபு ஆண்ட காலத்துச் சீனத்திலிருந்து, அதுவும் அரண்மனை இசைக்காக. நாராவில் ஷோசோயின் கருவூலத்தில் 8ஆம் நூற்றாண்டுக் குழல்கள் எட்டு இன்றும் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஆறு துளை. ஜென்னோடு அது சேர்ந்தது பல நூற்றாண்டுகள் கழித்து. மூங்கில் குழல் இப்போது வேண்டாம், அதற்குக் காரணம் பின்னால் வரும்.

என்னைக் கோபப்படுத்தியது ஒரே ஒரு வரி. மனம் அடங்காததால் ரோ வரவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? உங்கள் கையில் இருப்பது ஜப்பானிய அளவில் ஒரு ஷாகு எட்டு சுன் நீளமுள்ள குழாய். ஷாகுஹாச்சி என்ற பெயரே அந்த அளவுதான், நம் கணக்கில் சுமார் 54.5 சென்டிமீட்டர். முன்னால் நான்கு துளை, பின்னால் ஒன்று. ரோ ஊதும்போது குழாயின் மொத்தக் காற்றும் சேர்ந்து அதிர வேண்டும். ஒரு விரல் மயிரிழை விலகியிருந்தாலும் அந்த இடத்தில் காற்று கசியும், சுரம் உடையும், மேலே தாவும். மற்ற சுரங்கள் இந்தக் கசிவை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ரோ பொறுக்காது. உங்களுக்கு மற்றதெல்லாம் பேசி ரோ மட்டும் உடைகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது கீழ்க்கையின் மோதிர விரலை. அந்த விரலைப் பார்க்காமல் மனம் அடங்கவில்லை என்று எழுதுகிறீர்கள்.

கடுமையாகப் பேசுகிறேன் என்று தெரியும். இதே தவறை நான் செய்தேன் தம்பி, அதனால்தான்.

கியோத்தோவில் எனக்கு அது இரண்டாவது குளிர்காலம். வாரம் ஒருமுறை சென்செய் (ஆசிரியர்) வீட்டுக்குப் போவேன். எழுபதைக் கடந்தவர், அதிகம் பேசமாட்டார். முதல் எட்டு மாதம் எனக்குக் கொடுத்த பாடம் ரோ மட்டும்தான், காலையில் பத்து நிமிடம். ரோபுக்கி என்பார்கள். அந்த டிசம்பரில் வேலை அதிகம், நானும் சோர்ந்திருந்தேன். ஊதுவதைக் குறைத்துவிட்டு ஜென் நூல்களைப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க ஊதுவது சாதாரண வேலையாகவும் படிப்பது பெரிய வேலையாகவும் தோன்றியது. குழலை உறையில்கூடப் போடாமல் மண்ணெண்ணெய் ஹீட்டர் பக்கத்து அலமாரியிலேயே வைத்திருந்தேன்.

ஜனவரியில் திரும்ப எடுத்தபோது ரோ போய்விட்டிருந்தது. நீங்கள் எழுதியிருப்பது மாதிரியே, பாதியில் உடைவது, வெறும் காற்று. என் அகந்தை வந்து குறுக்கே நிற்கிறது என்று முடிவு செய்தேன். எங்கள் பகுதிக் கோயில் ஒன்றில் ஞாயிறு காலையில் வெளியாட்களும் வந்து உட்காரலாம். அங்கே போய் உறைகிற தரையில் மூன்று வாரம் உட்கார்ந்தேன். முழங்கால் வீங்கியது, ரோ வரவில்லை. கடைசியில் சென்செய்யிடம் போய், என் மனம் கலங்கியிருக்கிறது, அதனால் சுரம் வரவில்லை என்றேன். ஜப்பானிய மொழியில் அதைச் சொல்ல இரண்டு நாள் ஒத்திகை பார்த்திருந்தேன்.

அவர் பதில் சொல்லவில்லை. குழலை வாங்கி, ஐந்து துளைகளையும் விரல்களால் மூடி, அடிமுனையை முழங்காலில் அழுத்திக்கொண்டு, மேல்முனையில் வாய் வைத்துக் காற்றை உள்ளே இழுத்தார். பிடி நிற்கவில்லை. மெல்லிய சீறல் கேட்டது. குழலை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினார். முடிபோல ஒரு கோடு, மேலிருந்து கிட்டத்தட்ட நடுக்கணு வரை. மூங்கில் காய்ந்து வெடித்திருந்தது. குளிர்காலத்து வறண்ட அறையில் மூங்கில் வெடிக்கும் என்று அவர் எனக்கு முதல் மாதமே சொல்லி, ஈரம் காக்க ஒரு பிளாஸ்டிக் பையும் கொடுத்திருந்தார்.

அன்று பாடம் நடக்கவில்லை. வெடிப்பில் பசை செலுத்தி, மூங்கிலில் பள்ளம் கீறி, மூன்று இடங்களில் நூலை இறுக்கிச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். ஒன்றரை மணிநேரம். நான் எதிரே உட்கார்ந்து நூல் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடித்துக் கையில் கொடுத்து, நாளை வரை ஊதாதே என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலை ரோ வந்தது. என் மனம் அன்றைக்கும் முந்தைய நாளைப் போலவேதான் கலங்கிக் கிடந்தது.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான், ஆனாலும் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் மாசற்ற துறவிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். கொமுசோக்கள் ஜென்னின் ஃபுகே பிரிவைச் சேர்ந்தவர்கள். ஷோகுன் என்ற படைத்தலைவர்கள் ஆண்ட எடோ காலத்தில் (1603–1868) அந்தப் பிரிவில் சேர சாமுராய் குலத்தவராக இருக்க வேண்டும், சேர்ந்தவர்களில் எசமானை இழந்து திரிந்தவர்கள் ஏராளம். முகத்தை மறைக்கும் கூடைத்தொப்பி போட்டுக்கொண்டு வாசல் வாசலாக ஊதிப் பிச்சை எடுத்தார்கள். தங்களுக்கு ஷோகுன் அரசு சலுகைகள் கொடுத்ததாக 1614ஆம் ஆண்டு தேதியிட்ட ஓர் ஆவணத்தைக் காட்டி வந்தார்கள். அது பிற்காலத்துப் போலி என்பதுதான் வரலாற்றாசிரியர்கள் கருத்து. டாங் காலத்து ஃபுகே என்ற ஞானி மணி அடித்துக்கொண்டு போனார், அந்த மணியொலியைக் கேட்டவர் குழலில் வாசித்தார், அதுதான் தொடக்கம் என்ற கதையும் பின்னால் கட்டியதே. கடைசியில் 1871இல், ஷோகுன் ஆட்சிக்குப் பின் வந்த மெய்ஜி அரசு அந்தப் பிரிவையே கலைத்தது.

இதையெல்லாம் அவர்களைக் குறைக்கச் சொல்லவில்லை. நான் அவர்களை நேசிக்கிறேன். வயிற்றுப்பாடும் பயமும் பொய்ப்பத்திரமும் இருந்த மனிதர்கள்தான் ‘கொகூ’, ‘கியோரேய்’ போன்ற பழைய ஹொன்கியோக்குகளைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். குரோசவா கின்கோ (1710–1771) என்ற கொமுசோ அலைந்து திரிந்து இந்தப் பாடங்களைத் திரட்டியிருக்காவிட்டால் இன்று அவர் பெயரால் வழங்கும் கின்கோ மரபின் 36 ஹொன்கியோக்கு நமக்கு இல்லை. மனம் சுத்தமான பிறகு ஊதலாம் என்று இவர்களில் யாராவது காத்திருந்தால் ஒரு பாடம்கூட மிஞ்சியிருக்காது. ஊதுவதையே தியானமாகக் கொண்டவர்கள் அவர்கள். சுய்ஸென் என்ற சொல்லுக்கு ஊதும் தியானம் என்றுதான் பொருள். நீங்கள் அதை இரண்டாகப் பிளந்து, தியானம் முதலில், ஊதுவது பிறகு என்று வரிசை போடுகிறீர்கள்.

ஹொன்கியோக்கு எப்போது என்று கேட்டீர்கள். ஆசிரியர் கிடைக்கும்போது. ஒரு வாக்கியம், ஒரு மூச்சு, தாளக்கட்டு கிடையாது, அதனால் தனியாகப் படித்தால் எங்கே தவறுகிறோம் என்று தெரியாமலே போய்விடும். கழுத்தசைவுக்கு மூன்று ஆண்டு, கொரோ என்ற விரல் வேலைக்கு எட்டு ஆண்டு என்று அங்கே பழமொழி உண்டு. ஏழு மாதத்துக்கு இவ்வளவு வருந்த வேண்டாம். இப்போதெல்லாம் இணையத்திலேயே ஜப்பானியர்கள் பாடம் எடுக்கிறார்கள், ஒருவரைத் தேடுங்கள்.

உங்கள் பிளாஸ்டிக் குழல் வெடிக்காது. அது எவ்வளவு பெரிய உதவி என்று இப்போது புரியும். ரோ வரவில்லை என்றால் குழல்மேல் பழி போட முடியாது, விரலையும் உதட்டையும் மட்டும் பார்த்தால் போதும். நாளைக் காலை சென்செய் செய்தது போலவே ஐந்து துளைகளையும் மூடி, அடியை முழங்காலில் அழுத்தி, மேலே காற்றை இழுத்துப் பாருங்கள். சீறல் கேட்டால் ஒவ்வொரு விரலாகச் சற்று அழுத்திப் பாருங்கள், எந்த விரலில் சீறல் நிற்கிறதோ அதுதான். பிடி நின்றால் விரல் சரி, உதட்டில்தான் பிரச்சினை. தாடையைக் கொஞ்சம் தளர்த்தி, மூச்சை இன்னும் மெதுவாக விடுங்கள். அப்புறம் பத்து நிமிடம் ரோ. நூல்களை அடுத்த அறையில் வையுங்கள்.

எந்த விரல் என்று எழுதுங்கள்.

அன்புடன்