மாத்திரையும் மனத்தெம்பும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் முக்கூடல் பக்கம். அம்மாவுக்கு 52 வயது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பீடி சுற்றுகிறாள். நாலு மாதம் முன்பு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு மூன்று தடவை பார்த்தும் பிரஷர் 150/96-க்குக் கீழே வரவில்லை. ஆம்லோடிபின் 5 மில்லிகிராம் கொடுத்தார்கள். இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டாள். அப்புறம் பக்கத்து வீட்டு மைனி, "எல்லாம் மனசுதான், நல்லதையே நெனச்சா பிரஷர் தானா எறங்கிரும்" என்று ஏதோ வீடியோவைக் காட்ட, மாத்திரையை நிறுத்திவிட்டாள். இப்போது சாயங்காலமானால் படபடப்பு, ராத்திரி தூக்கமில்லை. "நானே கவலைப்பட்டு இழுத்து வச்ச சீக்கு இது" என்று அழுகிறாள். மனப்போக்கு உடம்பைப் பாதிக்குமா? மனசாலேயே பிரஷரைச் சரிசெய்ய முடியுமா? அவளிடம் நான் என்ன சொல்லட்டும்?

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் மாத்திரை. நாளைக் காலையிலேயே அம்மாவை அதே சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். நிறுத்தி இரண்டு மாதமாகிவிட்டது. அதனால் வீட்டில் கிடக்கும் அட்டையை எடுத்துத் தானாகத் தொடங்க வேண்டாம். பிரஷரைப் பார்த்துவிட்டு டாக்டர் சொல்லும் அளவில் தொடங்கட்டும். விட்டுப்போன நாளுக்கும் சேர்த்து இரண்டாகப் போடவே கூடாது. வீடியோ தவிர வேறு காரணம் ஏதும் உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள். ஆம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்காருகிறவருக்கு அது பெரிய தொந்தரவு. வாய்விட்டுச் சொன்னால் அளவைக் குறைப்பார்கள், அல்லது வேறு மருந்து தருவார்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் பதிந்துகொண்டால் மாத்திரை வீட்டுக்கே வரும்.

இனி உங்கள் கேள்வி. மனப்போக்கு உடம்பைப் பாதிக்குமா என்றால், பாதிக்கும். அது எந்த வழியாக நடக்கிறது என்று தெரிந்தால்தான் எவ்வளவு என்பது பிடிபடும்.

அம்மா பீடிக்கடையில் சுளகை நீட்டும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 25 வீதம் 40 கட்டு, 1000 பீடி. கணக்குப்பிள்ளை ஒரு கட்டை எடுத்து விரலால் அமுக்குகிறார், தலைமடிப்பைத் தடவுகிறார், "தூள் கொறைவு" என்று ஒதுக்குகிறார். அந்தக் கணத்தில் மனசு இரண்டு கணக்குப் போடுகிறது. இதனால் எனக்கு நட்டமா? நட்டம் என்றால் அதைச் சமாளிக்க என் கையில் ஏதாவது இருக்கிறதா? ரிச்சர்ட் லாசரஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில் விளக்கியது இதைத்தான். இரண்டாவது கேள்விக்கு "ஒண்ணுமே இல்லை" என்று பதில் வந்தால், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி சில நொடியில் அட்ரினலினை இறக்குகிறது. பின்னாலேயே கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனும் ஏறுகிறது. நெஞ்சு அடிக்கிறது, ரத்தக்குழாய் இறுகுகிறது, பிரஷர் எகிறுகிறது. இது அரைமணி ஒருமணியில் அடங்கிவிட்டால் உடம்புக்குப் பெரிய சேதாரம் இல்லை. வீட்டுக்கு வந்து, சோறு வடிக்கும்போதும் பாயில் படுத்தபிறகும் அந்தக் கணக்குப்பிள்ளையின் முகத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதுதான் கெடுதல். ஒதுக்கின கட்டு ஒன்று, உடம்பு பட்டது பத்துத் தடவை. தூக்கம் கெடுகிறது, தூக்கம் கெட்டால் மறுநாள் பிரஷர் இன்னும் கூடுகிறது.

இதற்கு அளந்து பார்த்த சான்று உண்டு. மறதிநோய் வந்த உறவினரை வருடக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சின்னக் காயம் ஏற்படுத்தி, ஆறும் நாளை எண்ணினார்கள் அமெரிக்காவில். 1995-இல் முடிவு வெளிவந்தது. அந்தச் சுமை இல்லாத பெண்களைவிட இவர்களுக்குக் காயம் ஆற சராசரியாக 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. ஆக, "சும்மா மனப்பிரமை" என்று யாரும் தள்ள முடியாது.

அதே கையோடு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அல்சர் கவலையால் வருகிற நோய் என்றே ரொம்ப காலம் டாக்டர்களும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலான அல்சருக்குப் பின்னால் ஒரு பாக்டீரியா இருக்கிறது என்று காட்டிய பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த 1,093 பேரை வைத்து 2007-இல் வந்த ஆய்வில், மனநிலை நன்றாக இருந்தவர்கள் கூடுதல் நாள் வாழ்ந்ததாகத் தெரியவில்லை. பிரஷருக்கும் வயசு, பரம்பரை, உப்பு, எடை, தூக்கம் என்று பல வேர்கள். கவலை அதில் ஒன்று. "நானே இழுத்து வச்ச சீக்கு" என்பது பொய் என்று அம்மாவிடம் அழுத்திச் சொல்லுங்கள். அந்தக் குற்ற உணர்ச்சியும் கவலைதானே, ராத்திரியில் அதுவும் சேர்ந்து ஓடும்.

படபடப்பை முழுக்க மனசின் தலையில் கட்டாதீர்கள். பீடி சுற்றுகிறவர்களுக்குப் புகைக்காமலேயே தோல் வழியாகவும் தூசி வழியாகவும் நிகோட்டின் உடம்பில் ஏறும். அதற்கே நெஞ்சு படபடக்கும். சுற்றி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிடக் கூடாது. தூளைச் சலிக்கும்போது மூக்கில் துணி கட்டட்டும். படுக்கிற அறையில் தூள் மூட்டை வேண்டாம். கூடவே ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. அதோடு இருக்கிறவரிடம் "தைரியமா இரு" என்றால் அவர் என்ன செய்வார்?

மனப்போக்கை மாற்றுவது என்றால் நல்லதையே நினைப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நினைக்காதே என்று அடக்கின நினைப்புத்தான் முந்திக்கொண்டு வரும். மாற வேண்டியது அந்த இரண்டாவது கணக்கு: என் கையில் என்ன இருக்கிறது? லண்டன் அரசு ஊழியர்களிடம் 1967-இல் தொடங்கிப் பல வருடம் நடந்த ஆய்வுகளில், வேலையில் தன் பிடி குறைவாக இருந்தவர்களுக்கு இதயநோய் கூடுதலாக வந்தது. அம்மாவுக்குப் பிடி எங்கே தளர்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். தினமும் கடையில் எடை போட்டு வாங்கின இலை எவ்வளவு, தூள் எவ்வளவு, எத்தனை பீடி வந்தது, எத்தனை ஒதுக்கினார்கள், கைக்காசு போட்டு வாங்கின இலை எவ்வளவு என்று எழுதட்டும். ஒரு மாதத்தில், கட்டு ஒதுங்குவது அம்மாவின் விரலாலா, காய்ந்து ஒடிந்த இலையாலா என்று தெரிந்துவிடும். இலைதான் காரணம் என்றால் தெருவில் நாலு பெண்கள் நோட்டோடு சேர்ந்து போய்க் கேட்கலாம். கேட்டதும் கிடைத்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் ராத்திரி பாயில் ஓடுகிற படத்துக்குப் பதிலாக நாளைக்குச் செய்ய ஒரு வேலை இருக்கும்.

கடைக்குப் போகும் முன் 5 நிமிடம் மூச்சுப் பயிற்சி நல்லது. சுளகை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்காரட்டும். குனிந்த கழுத்தோடு மூச்சு இறங்காது. மூக்கால் 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விட வேண்டும். நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். எல்லாரும் தப்புச் செய்வது இங்கேதான்: நெஞ்சு விரிய பலமாக இழுப்பார்கள். அப்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலை சுற்றும், விரல்நுனியும் உதடும் மரத்துப்போகும், பயந்து விட்டுவிடுவார்கள். இழுப்பது சின்னதாக, விடுவது நீளமாக இருக்கட்டும். இதனால் பிரஷர் சில புள்ளிதான் குறையும். மாத்திரைக்கு மாற்று ஆகாது, படபடப்பு அடங்கும்.

வீட்டில் பிரஷர் பார்க்கிற மிஷின் வாங்கினால் மேல்கையில் கட்டுவதாக வாங்குங்கள். காலையில் சிறுநீர் போனபிறகு, காப்பிக்கும் மாத்திரைக்கும் முன்னால். ராத்திரி படுக்கும் முன்னால். முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட, கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்க, 5 நிமிடம் சும்மா இருந்தபிறகு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. பார்க்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், பேசினாலே ஏறும். 7 நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடுங்கள். வீட்டில் 135/85-க்கு மேல் நின்றால் பிரஷர் அடங்கவில்லை. எழுதினதை டாக்டரிடம் காட்டுங்கள். உப்பு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன், கருவாட்டில் ஊறுகாயில் இருப்பதையும் சேர்த்து.

நெஞ்சுவலி, ஒருபக்கம் கைகால் விழுதல், வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல் எது வந்தாலும் மிஷினைத் தேட வேண்டாம், உடனே 108. படபடப்பு அடங்கியும் இரண்டு வாரமாகத் தூக்கமும் சாப்பாட்டு ருசியும் திரும்பவில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கும் மருந்து உண்டு. பாளையங்கோட்டை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அதுவரை டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குப் போன் போட்டு அம்மாவையே பேசச் சொல்லுங்கள். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.