தேடிப்போய்க் கற்றிருப்போமா?

அன்புள்ள ஐயா,

என் மகள் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். மொழிப்பாடமாகத் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுத்திருக்கிறாள். மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் என்று அவளுடைய தோழிகள் பலரும் அப்படித்தான் செய்கிறார்களாம். எனக்கு மனம் ஆறவில்லை. தாய்மொழி, ஈராயிரம் ஆண்டு இலக்கியம், செம்மொழி என்று தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "நீங்க தமிழ்க் குடும்பத்துல பொறக்காம இருந்திருந்தா, இந்த மொழியத் தேடிப்போய்க் கத்துக்கிட்டிருப்பீங்களாப்பா?" எனக்குப் பதில் வரவில்லை. ஆமாம் என்றால் பொய் சொல்வதாகிவிடும் என்று தோன்றியது. இல்லை என்றால் அதுவரை பேசியதற்கெல்லாம் பொருளில்லாமல் போய்விடும். அதே கேள்வியை உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் கற்றிருப்பீர்களா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

அநேகமாகக் கற்றிருக்க மாட்டேன். நாக்பூரிலோ பிராகாவிலோ பிறந்திருந்தால், தமிழ் என்று ஒரு மொழி தெற்கே இருக்கிறது என்பது எனக்கு ஒரு பொது அறிவுத் தகவலாக மட்டும் இருந்திருக்கும். உங்கள் மகளிடம் இதை அப்படியே சொல்லுங்கள். உண்மையைத்தான் அவள் எதிர்பார்க்கிறாள்.

தொன்மையையும் செம்மொழித் தகுதியையும் சொல்லி அவளை அசைக்க முடியாததில் வியப்பில்லை. ஒடியாவும் செம்மொழிதான். பதினைந்தாம் நூற்றாண்டிலேயே சாரளா தாசர் அந்த மொழியில் மகாபாரதம் பாடியிருக்கிறார். அதற்காக ஈரோட்டிலிருந்து யாராவது ஒடியா கற்கக் கிளம்பினார்களா? ஒரு மொழி பெருமையுடையது என்பதால் மட்டும் மனிதர்கள் அதைக் கற்பதில்லை. பிழைப்புக்காகக் கற்கிறார்கள், வாழப்போன ஊருக்காக, மணந்தவருக்காக, கும்பிடும் கடவுளுக்காகக் கற்கிறார்கள்.

வெளியிலிருந்து வருகிறவருக்குத் தமிழ் கொஞ்சமும் சலுகை காட்டுவதில்லை. எழுத்து 247 என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள்; அது சில வாரங்களில் பழகிவிடும். 'க' என்ற ஒரே எழுத்து கடலில் ஒருவிதமாக, தங்கத்தில் வேறுவிதமாக, அகலத்தில் இன்னொரு விதமாக ஒலிப்பதும் காலப்போக்கில் வசப்படும். பெரிய தடை அதற்கு அப்பால் இருக்கிறது. 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று புத்தகத்தில் படித்தவர் தெருவில் இறங்கினால் காதில் விழுவது 'வந்துட்டிருக்காங்க'. பேச்சை மட்டும் கேட்டுப் பழகியவருக்கு நாளிதழின் தலையங்கம் எட்டாது. ஒரு மொழி கற்க வந்தவர் இரண்டைச் சுமக்கவேண்டியிருக்கிறது. பழைய இலக்கியத்தையும் படிக்க வேண்டுமென்றால் மூன்று.

அப்படியும் வந்தவர்கள் உண்டு. இத்தாலியில் 1680இல் பிறந்த வீரமாமுனிவர் தமிழைத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்வது சரியாகாது. அவருடைய சபை அவரை அனுப்பிய மண்ணில் தமிழ் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் ஊர்ஊராகப் போய்ப் போதிப்பதற்குத் தேவையான தமிழ் கைவந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடினார், அகராதி தொகுத்தார், இலக்கணம் எழுதினார். ஜி.யு. போப்பும் சமயப் பணிக்காகவே 1839இல் சென்னை வந்தார். அவருடைய திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886இல் வந்தது. திருவாசக மொழிபெயர்ப்பு வந்தபோது ஆண்டு 1900, அவருக்கு வயது எண்பது. கிறிஸ்தவப் பிரசங்கத்துக்குத் திருவாசகம் தேவையே இல்லை. தமிழுக்குள் வந்தது இவர்கள் விருப்பமாக இல்லாமல் இருக்கலாம். அதற்குள் தங்கியது முழுக்க இவர்கள் விருப்பம்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். இடைசெவலில் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் வீட்டில் பேசியது தெலுங்கு. கும்பகோணத்தில் இன்னொரு தமிழ் எழுத்தாளரான எம்.வி. வெங்கட்ராமின் வீட்டில் பேசியது சௌராஷ்டிரம். கரிசல் வட்டாரத் தமிழுக்குச் சொல்லகராதி தொகுத்தவர் அந்தத் தெலுங்கு வீட்டுப் பிள்ளை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. தமிழைச் சொந்தமாக்கிக்கொள்வதற்குப் பிறப்பு ஒரு கட்டாயம் என்று நான் நினைக்காததற்கு இவர்கள்தான் காரணம்.

பிறப்பு மட்டுமே போதும் என்பதையும் நான் நம்பவில்லை. உங்கள் மகளின் கேள்வியில் நான் மறுக்கும் இடம் அதுதான். தமிழ் நமக்கு ஏற்கெனவே வந்துவிட்டது, இனிமேல் வைத்துக்கொள்வதா விடுவதா என்பது மட்டுமே பாக்கி என்று அவள் எண்ணுகிறாள். நீங்களும் அப்படித்தான் எண்ணுகிறீர்கள் என்று தோன்றுகிறது. பிறப்பால் நமக்குக் கிடைத்தது பேச்சு. அது பெரிய கொடை, ஐயமில்லை. மிச்சத்தை ஒவ்வொருவரும் தேடிப்போய்த்தான் கற்கவேண்டும்.

உ.வே. சாமிநாதையரை எடுத்துக்கொள்ளுங்கள். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் அவர் தமிழ் ஆசிரியர், வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவர். அவ்வூருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், புராணங்கள் என்று இவர் அடுக்குகிறார். கேட்டவர் முகத்தில் வியப்பே இல்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி தெரியுமா என்று கேட்கிறார். சாமிநாதையர் அதைப் பார்த்ததுகூட இல்லை. அன்று தமிழ்நாட்டில் அவரளவுக்கு முறையாகத் தமிழ் படித்தவர்கள் மிகக் குறைவு. அவருக்கே தம் மொழியின் பழைய பாதி தெரியாத நிலம். முதலியார் கொடுத்த பிரதியை வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்குகிறார். சொல் தெரிந்தால் கருத்து தெரியவில்லை. அது சமண காவியம். கும்பகோணத்துச் சமணர்களின் வீடுகளுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதன்பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு. வெள்ளைக்காரப் பாதிரியார் பட்ட பாட்டுக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

இன்னொருவர் சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்த ஏ.கே. ராமானுஜன். 1929இல் மைசூரில் பிறந்தவர். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம். 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறைக்குப் பழந்தமிழ் இலக்கணத்தில் ஏதாவது தொடக்க நூல் கிடைக்குமா என்று தேடிப்போனார். கண்ணில் பட்டது 1937இல் சாமிநாதையர் பதிப்பித்த குறுந்தொகை. குழந்தையிலிருந்து தமிழ் பேசிய மனிதர், முப்பது வயதைத் தாண்டிய பிறகு, அமெரிக்காவில் உட்கார்ந்து தன் வீட்டு மொழியைக் கற்கத் தொடங்கினார். உலகம் முழுவதும் இன்று குறுந்தொகை ஆங்கிலத்தில் வாசிக்கப்படுகிறதென்றால் அதில் பெரும்பங்கு அந்த முடிவுக்கு உண்டு.

அந்தக் குறுந்தொகையிலேயே 167ஆம் பாட்டைப் பாருங்கள். கூடலூர் கிழார் பாடியது. "முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல் / கழுவுறு கலிங்கம் கழாஅது உடீஇ" என்று தொடங்குகிறது. தனிக்குடித்தனம் போன பெண் கட்டித்தயிரை விரலால் பிசைகிறாள். அந்த விரலைத் துடைத்த புடவையை மாற்றக்கூட நேரமில்லை, தாளிக்கிற புகை கண்ணில் ஏறுகிறது. தானே துழாவிச் சமைத்த அந்தப் புளிக்குழம்பை நன்றாக இருக்கிறது என்று கணவன் சாப்பிடுகிறான். அவள் முகம் நுட்பமாக மகிழ்ந்தது. மொத்தம் ஆறு அடி. தயிர், பிசைதல், விரல், கழுவுதல், புகை, புளி, கணவன், முகம் இவையெல்லாம் உங்கள் மகளுக்குத் தெரிந்தவை; ஐந்து வயதுக்குள் வந்து சேர்ந்தவை. கலிங்கம் என்றால் ஆடை, குய் என்றால் தாளிப்பு, பாகர் என்றால் குழம்பு என்பதை அவள் கற்கத்தான் வேண்டும். நீங்களும் கற்கவேண்டும். நாக்பூரில் பிறந்திருந்தால் எனக்கு அத்தனையுமே அந்நியமாக இருந்திருக்கும். இங்கே பிறந்ததால் பாதிக்குமேல் கையில் இருக்கிறது. மிச்சத்தைக் கற்பது என் தீர்மானம், அதை ஒவ்வொரு நாளும் விரும்பியே செய்கிறேன். பிறக்காத ஊரில் இருந்துகொண்டு செய்திருப்பேனா என்ற கற்பனையைவிட, பிறந்த ஊரில் இருந்துகொண்டு செய்கிறேனா என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பிரெஞ்சு விஷயத்தில் அவளோடு சண்டை போடாதீர்கள். மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவாள் என்றால் அதுதான் வருந்தத்தக்கது. அந்த வருத்தம் தமிழுக்காக மட்டும் இல்லை, பிரெஞ்சுக்காகவும்தான். மதிப்பெண்ணுக்காகத் தமிழ் எடுத்த மாணவர்களும் மனப்பாடப் பகுதியை அப்படித்தான் மறக்கிறார்கள். எடுத்த மொழியை உண்மையாகக் கற்கச் சொல்லுங்கள். பிரெஞ்சுக்காரரான பிரான்சுவா குரோ பரிபாடலை முழுவதுமாகப் பிரெஞ்சில் பெயர்த்து, 1968இல் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வெளியிட்டது. உங்கள் மகள் நன்றாகப் பிரெஞ்சு படித்தால் என்றாவது அதை வாசிக்கலாம். அந்த மொழியிலிருந்து ஒருவர் இவ்வளவு தூரம் நடந்து வந்தார் என்பது அப்போது அவளுக்குத் தெரியும்.

உங்களுக்கு ஒரு யோசனை. குறுந்தொகையில் 401 பாடல்கள். பெரும்பாலும் நான்கடி முதல் எட்டடி. வாரம் ஒன்று, சாமிநாதையர் உரையை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்களும் அவளும் படித்துப் பாருங்கள். அவளுக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்கவேண்டாம். உங்களுக்கும் தெரியாத பாடல்களாகவே எடுங்கள். 167இல் தொடங்கலாம். முதல் வாரத்திலேயே அவளுக்குப் பிடிக்கவில்லையென்றாலும் நீங்கள் நிறுத்திவிடாதீர்கள்.

அன்புடன்