உள்ளாடை நிறத்தைக் கேட்கும் ‘விழிப்புணர்வு’: அலுவலகக் குழுவில் மறுப்பது எப்படி?

கேள்வி: திருச்சியில் ஒரு நிதி நிறுவனக் கிளையில் இரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அக்டோபர் பிறந்ததும் எங்கள் மூத்த பெண் ஊழியர் ஒருவர் பெண்களுக்கு மட்டும் தனித்தனியாக ஒரு செய்தி அனுப்பினார். “இன்று அணிந்திருக்கும் உள்ளாடையின் நிறத்தை அலுவலக வாட்ஸாப் குழுவில் ஒரே சொல்லில் போடுங்கள், ஏன் என்று ஆண்களிடம் சொல்லாதீர்கள், மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக” என்று அதில் இருந்தது. மூன்று பேர் போட்டுவிட்டார்கள். விஷயத்தை ஊகித்த ஆண் ஊழியர் ஒருவர் “மற்றவர்கள் நிறம் எங்கே?” என்று கேட்டார். மேலாளர் சிரிப்புக் குறி போட்டார். என் சித்தியை இந்த நோயில்தான் இழந்தோம். நான் மறுத்தால் நல்ல காரியத்தைத் தடுப்பவள் என்பார்கள். என்ன செய்வது?

பதில்: நீங்கள் போட வேண்டாம். காரணமும் சொல்ல வேண்டியதில்லை. தன் உள்ளாடையைப் பற்றி மேலாளர் படிக்கும் இடத்தில் எழுத மறுக்கும் பெண் யாருக்கும் விளக்கம் தரத் தேவையில்லை. நல்ல காரியத்தைத் தடுக்கிறோமோ என்ற உறுத்தலை முதலில் இறக்கி வையுங்கள்.

இந்த விளையாட்டு 2010 ஜனவரியில் ஃபேஸ்புக்கில் பரவியது. பெண்கள் ‘கறுப்பு’, ‘வெள்ளை’ என்று ஒரு சொல்லை மட்டும் போட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில், வீட்டுக்கு வந்ததும் கைப்பையை எங்கே வைப்பீர்கள் என்பதை இரட்டைப் பொருள் தொனிக்க எழுதும் இன்னொன்று வந்தது. நோயின் பெயர் அந்தப் பதிவுகளில் இல்லை. எதைக் கவனிக்க வேண்டும், யாரிடம் போக வேண்டும் என்பதும் இல்லை.

நம் நாட்டிலும் இதைப் பார்த்தோம். 2024 அக்டோபரில் யுவராஜ் சிங்கின் யூவீகேன் அறக்கட்டளை டெல்லி மெட்ரோ ரயிலில் வைத்த விளம்பரம், மாதம் ஒருமுறை ‘உங்கள் ஆரஞ்சுகளை’ சோதித்துக்கொள்ளும்படி பெண்களுக்குச் சொன்னது. எதிர்ப்பு எழுந்ததும் மெட்ரோ நிர்வாகம் அதை அகற்றியது. நோக்கம் நல்லதுதான், சந்தேகமில்லை. ஆனால் மார்பகம் என்று சொல்லக் கூச்சப்பட்டுப் பழத்தின் பெயரைச் சொன்னால், மருத்துவரிடம் அந்தச் சொல்லைச் சொல்லப் பெண்ணுக்கு எங்கிருந்து துணிச்சல் வரும்? வெட்கப்பட்டு வாய்மூடுவது பழைய வழக்கம், கண்ணடித்துப் பேசுவது புதிய வழக்கம். இரண்டிலும் நோயின் பெயர் வெளியே வருவதில்லை. அதனால்தான் இவற்றின் மேல் எனக்குக் கோபம். உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பின் மதிப்பீட்டின்படி 2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 98,000 பேர் இறந்தார்கள். கட்டி வலிக்கவில்லையே என்று மாதக்கணக்கில் மறைத்து வைத்துவிட்டு வருகிறவர்கள் நம்மிடையே ஏராளம்.

ஆரஞ்சுக்கு இந்த நோயில் உண்மையாகவே ஓர் இடம் உண்டு. மார்பகத் தோல் தடித்து, குழிகுழியாக ஆரஞ்சுப் பழத் தோல்போல மாறுவது ஓர் எச்சரிக்கை அறிகுறி. அதைச் சொல்லியிருந்தால் அந்த விளம்பரம் ஒரு பெண்ணுக்காவது உதவியிருக்கும்.

இனி அலுவலகம். வேலைக்காக அமைத்த குழு அலுவலகத்தின் ஒரு பகுதிதான். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பெண் விரும்பாத பாலியல் சாயல் கொண்ட பேச்சையும் துன்புறுத்தலில் சேர்க்கிறது. அனுப்பியவரின் எண்ணம் தூயது என்பது மட்டும் அதற்கு விடையாகாது. அந்த மூத்த ஊழியர் யோசிக்காமல் ஒரு தவறு செய்தார், அவ்வளவே என்று எனக்குப் படுகிறது. “மற்றவர்கள் நிறம் எங்கே?” என்று கேட்டவரை அப்படி விட்டுவிட முடியாது. குழுவில் உள்ள ஒவ்வொரு பெண்ணிடமும் அவர் அதைக் கேட்டிருக்கிறார். சிரித்த மேலாளர் அதற்கு அனுமதி கொடுத்ததாக ஆகிறது.

இருந்தாலும் முதலில் மூத்தவரிடமே தனியாகப் பேசுங்கள். இப்படி எழுதலாம்: “அக்கா, நீங்கள் நல்ல மனதோடுதான் ஆரம்பித்தீர்கள். ஆனால் குழுவில் பேச்சு வேறு திசையில் போகிறது, எனக்குச் சங்கடமாக இருக்கிறது. என் சித்தி இந்த நோயில்தான் போனார். அந்தப் பதிவுகளை நீக்கிவிட்டு, நோயின் அறிகுறிகளைப் போடலாமா? நானே எழுதித் தருகிறேன்.” பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால், அல்லது அந்த ஆண் ஊழியர் தொடர்ந்தால், திரைப்பதிவுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனம் இத்தகைய புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு அமைத்தாக வேண்டும். மூத்த பெண் ஊழியர் ஒருவர் அதற்குத் தலைமை வகிப்பார். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருப்பார்கள். வெளியிலிருந்து ஒருவரும் இருப்பார். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். விசாரணைக்கு முன் சமரசம் வேண்டும் என்று நீங்களே கேட்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. உங்கள் பெயரை வெளியிட யாருக்கும் உரிமை இல்லை.

மூத்தவருக்கு அனுப்பும் செய்தியில் அறிகுறிகளை எழுதித் தருவதாகச் சொல்வீர்கள் அல்லவா, அதற்கு: மார்பகத்திலோ அக்குளிலோ கட்டி, பெரும்பாலும் வலியில்லாதது, தோலில் குழி விழுதல், காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம் கலந்த கசிவு. ஒன்று தெரிந்தாலும் அந்த வாரமே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அரிதாக ஆண்களுக்கும் இது வரும் என்பதால் குழுவில் எல்லோரும் படிக்கலாம்.

இன்னொன்று. ஷாங்காய் நெசவாலைகளில் வேலை செய்த ஏறத்தாழ 2,66,000 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. சுயபரிசோதனை முறையைக் கற்றுக்கொடுத்ததால் மட்டும் இறப்பு குறையவில்லை. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை ஏறத்தாழ 1,50,000 பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தது. அதில் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. இளையவர்களிடம் அப்படிக் குறையவில்லை. ஆகவே உங்கள் நிறுவனம் அக்டோபரில் ஏதாவது செய்ய விரும்பினால், பயிற்சி பெற்ற செவிலியரை அழைத்து, கதவு மூடிய ஓர் அறை கொடுத்து, பெண்களுக்கு அரை நாள் ஒதுக்கட்டும். யார் போனார்கள், என்ன முடிவு என்பது நிர்வாகத்துக்குத் தெரியக் கூடாது. அது நடக்காவிட்டால் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் பரிசோதனை இலவசம்.

கடைசியாக, உங்களுக்கு மட்டும். சித்தி என்பவர் உங்கள் அம்மாவின் தங்கை என்றால், அவருக்கு எந்த வயதில் நோய் கண்டது, அம்மா வழியில் வேறு யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் இருந்ததா என்று அம்மாவிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு நீங்களும் அம்மாவும் ஒரு மருத்துவரைப் பாருங்கள். பரிசோதனையை எந்த வயதில் தொடங்குவது என்பதை அவர் அதைப் பார்த்துத்தான் சொல்வார்.