வீட்டுக்குள்ளயே ஃப்ளூ வைரஸ் மாறிடுமா?

கேள்வி: பையனுக்கு ஃப்ளூ ஜுரம் வந்து மூணு நாள்ல சரியாச்சு. அப்புறம் எனக்கு, ஒரு வாரம் படுத்தே கிடந்தேன். நேத்துல இருந்து மாமியாருக்கு, அவங்களுக்கு மூச்சே வாங்குது. ஆள் மாறி ஆள் தாவும்போது வைரஸ் மியூட்டேட் ஆகி வீரியம் ஏறிடுச்சா டாக்டர்? எல்லாரும் ஃப்ளூ தடுப்பூசி போட்டிருக்கோம், அது வேஸ்ட்டா?

பதில்: மொதல்ல மாமியாரை இப்பவே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்கம்மா, மீதியை அங்க உக்காந்து படிச்சுக்கலாம். வயசானவங்களுக்கு மூச்சு வாங்குதுன்னா நிமோனியாவான்னு பாத்தே ஆகணும், ஒசெல்டாமிவிர்ங்கற ஃப்ளூ மாத்திரையும் ஜுரம் ஆரம்பிச்ச 48 மணி நேரத்துக்குள்ள குடுத்தாதான் நல்லா கேக்கும்.

சரி, உங்க சந்தேகம். ஃப்ளூ மாறிட்டே இருக்கும்ங்கறது நிஜம்தான். அதோட மரபணு எட்டு துண்டு ஆர்என்ஏ, மொத்தம் சுமார் 13,500 எழுத்து, காப்பி எடுக்கும்போது தப்பைத் திருத்த ஆளே கிடையாது. ஆனா விழற தப்புல முக்கால்வாசி வைரஸுக்கே ஆப்பு வெச்சுடும். மிஞ்சினதும் அடுத்த ஆள்கிட்ட போய்ச் சேரணுமே? பையன் மூக்குல கோடிக்கணக்குல இருந்திருக்கும், அவன் தும்மினதுல உங்க மூக்குல வந்து ஒட்டிப் பெருகினது பெரும்பாலும் ஒண்ணோ ரெண்டோதான், புதுசா முளைச்சதெல்லாம் அந்த இடுக்குலயே கழிஞ்சு போயிடும். உங்க மூணு பேர்கிட்டயும் சாம்பிள் எடுத்து சீக்வென்ஸ் பண்ணினா, அதாவது மரபணு எழுத்தை வரிசையா படிச்சா, கிட்டத்தட்ட அச்சு அசல் ஒரே வைரஸாத்தான் இருக்கும். ஒரே சீசன்ல ஒரு ஊர்ல நாலு விதமா கிடைச்சாக்கூட அனேகமா அதெல்லாம் வெளிய இருந்து தனித்தனியா வந்து எறங்கினதுதான். நம்ம எதிர்ப்பு சக்தியை ஏமாத்தற அளவு மாற்றம் சேர சில வருஷம் ஆகும், எச்3என்2ங்கற ஃப்ளூ வகை மட்டும் கொஞ்சம் அவசரக்காரன். அதுக்காகத்தான் உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரில ஒரு தடவை செப்டம்பர்ல ஒரு தடவை உக்காந்து ஊசில எந்தெந்த ஸ்ட்ரெயின் (வைரஸ் ரகம்) வேணும்னு முடிவு பண்றாங்க.

அதனால வைரஸ் ஒண்ணுதான், விழுந்த உடம்புதான் வேற வேற. வயசானவங்களுக்கு ஊசி கம்மியாத்தான் பிடிக்கும், ஆனாலும் நெலமை ரொம்ப மோசமாகறதைக் குறைக்கும், வேஸ்ட்னு சொல்லாதீங்க.

டெஸ்ட் எடுத்தா ஃப்ளூ 'ஏ' வகையா 'பி' வகையான்னு கேட்டு எழுதி வெச்சுக்கோங்க. அடுத்த மாசமே பையனுக்கு மறுபடி ஃப்ளூ வந்தா 'பாத்தீங்களா, மாறிடுச்சு'ன்னு எனக்கு எழுதுவீங்க. இப்ப வந்தது 'ஏ' வகைன்னா அப்ப வந்தது 'பி' வகையா இருக்கலாம், அது வேற வைரஸ்.