சிறுதொழில் ஒப்பந்தங்கள்: வாசகர் கேள்விகளும் வழக்கறிஞர் பதில்களும்

நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த கடிதங்களுள் நான்கினுக்கு இவ்விதழில் பதில் தரப்படுகிறது. எழுதியவர்களின் பெயர்கள் அவர்களது விருப்பப்படி விடப்பட்டுள்ளன.

கேள்வி: குன்னூரில் வீட்டின் பின்கட்டில் சாக்லேட் தயாரிக்கிறேன். பெங்களூருவில் உள்ள ஒரு கடைக்காரருக்குச் சாக்லேட்டும், உள்ளூர் பேக்கரியில் வாங்கிய வர்க்கியும் அனுப்பி வருகிறேன். சாக்லேட்டுக்கு 3,60,000 ரூபாய், வர்க்கிக்கு 60,000 ரூபாய் என மொத்தம் 4,20,000 ரூபாய் நிலுவை. எழுதிய ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். சரக்கில் ஒரு பகுதி உருகிவிட்டதென்று ஆறு மாதம் கழித்து இப்போது சொல்கிறார். அவருடைய பர்ச்சேஸ் ஆர்டரின் அடியில் ‘வழக்கு பெங்களூரு நீதிமன்றத்தில் மட்டும்’ என்று அச்சிட்டிருக்கிறது. பணம் கிடைக்குமா? இனி எப்படி எழுதிக்கொள்ள வேண்டும்? — வாசகி, குன்னூர்

பதில்: ஒப்பந்தம் இல்லை என்று நீங்களே முடிவு செய்துவிட வேண்டாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், சரக்கு விற்பனை ஒப்பந்தம் எழுத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று கேட்பதில்லை. அவர் அனுப்பிய ஆர்டர், நீங்கள் அனுப்பிய பில், பார்சல் அலுவலகத்தின் ரசீது, இடையிடையே அவர் வங்கி வழியாகச் செலுத்திய தொகை ஆகியவை சேர்ந்து ஒப்பந்தத்தை நிரூபிக்கும். வாட்ஸ்அப் உரையாடலை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு கோரும் சான்றிதழ் வேண்டும். ஆகவே அந்தக் கைபேசியை விற்கவோ உரையாடலை அழிக்கவோ வேண்டாம்.

சரக்கு உருகியது என்ற வாதம் வலுவற்றது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி, சரக்கைப் பெற்றுக்கொண்டவர் நியாயமான காலத்துக்குள் மறுப்பைத் தெரிவிக்காமல் வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படுவார். சாக்லேட்டுக்கு ஆறு மாதம் நியாயமான காலம் என்று எந்த நீதிபதியிடம் வாதாடுவது?

இனி பணத்துக்கு வருவோம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டத்தின்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர், எழுத்தில் தவணை குறிக்கப்படாதபோது 15 நாளுக்குள்ளும், குறிக்கப்பட்டிருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிட்டுத் தர வேண்டும். இதற்கான வசதியாக்கல் மன்றத்தில் நீங்கள் விண்ணப்பிக்கலாம். சட்டத்தின் 18ஆம் பிரிவு, சரக்கு அனுப்பியவர் இருக்கும் இடத்து மன்றத்துக்கே அதிகாரம் தருகிறது. வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும் சரி. ஆகவே பர்ச்சேஸ் ஆர்டரின் அடியில் இருக்கும் பெங்களூரு வாசகம் இவ்வழியில் உங்களைத் தடுக்காது. இச்சட்டத்தின் ஏற்பாடு, தகராறை நடுவரிடம் விடுவதாகத் தரப்பினர் செய்துகொண்ட நடுவர் ஒப்பந்தத்தையும் மீறி நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்திருக்கிறது. அவர் மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்வதாயின் தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்ட வேண்டும் என்பதால், பெரும்பாலானோர் அதற்கு முன்பே பேச வருகிறார்கள்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் இணையவழிப் பதிவு. பதிவுக்கு முன் அனுப்பிய சரக்குக்கு இந்தப் பலன் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் கூறியது. 2025இல் இந்தக் கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. உங்கள் கடிதத்தில் பதிவு எண் இல்லை. இன்னும் பதிவு செய்யவில்லையென்றால் இன்றே செய்யுங்கள், கட்டணம் இல்லை. இரண்டாவது, வர்க்கி. சாக்லேட் நீங்கள் தயாரிப்பது. வர்க்கியோ வாங்கி விற்பது. 2021 ஜூலை முதல் வியாபாரிகளும் உத்யமில் பதிவு பெறலாம் என்றாலும், அவர்களுக்குக் கிடைப்பது வங்கிக் கடன் முன்னுரிமை மட்டுமே; தாமதப் பணத்துக்கான வட்டி அல்ல. ஆகவே 3,60,000 ரூபாயை மன்றத்தின் முன் கேளுங்கள். 60,000 ரூபாய்க்கு உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. இனிமேலாவது இரண்டுக்கும் தனித்தனி பில் போடுங்கள்.

மன்றத்துக்குச் செல்லாமல் முழுத் தொகைக்கும் வழக்கே போடுவதாயின், 3 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள வணிகத் தகராறு 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் கீழ் வரும். அவசரத் தடையாணை கோராத வழக்கில், சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் மூலம் முன்சமரசம் பேசிய பிறகே வழக்கு எண் பெறும். சமரசத்துக்குச் செலவாகும் காலம், வழக்குப் போடுவதற்கான கால வரையறையில் சேராது. பொதுவாகச் சரக்கின் விலைக்கு மூன்று ஆண்டுதான் கால வரையறை; அதற்குள் அவர் ‘இவ்வளவு பாக்கி இருக்கிறது’ என்று கையெழுத்திட்டுக் கொடுத்தால் அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு ஓடும். ஆகவே ஒவ்வொரு மார்ச் மாதமும் பாக்கிக் கணக்கை அனுப்பிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் நல்லது. தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் வழக்குத் தொகையில் 3 விழுக்காடு, அதாவது உங்களுக்கு 12,600 ரூபாய். ஆனால் பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவானாலும், 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி நீங்கள் இலவச வழக்கறிஞர் உதவிக்கு உரியவர். நீதிமன்றக் கட்டணமும் அந்த உதவியில் அடங்கும். உதகமண்டலத்தில் மாவட்ட ஆணைக்குழு இருக்கிறது; தொலைபேசியில் 15100.

அடுத்த ஒப்பந்தத்தை ஒரு பக்கத்தில், தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலத்தில் இருந்தால்தான் செல்லும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதில் நான் முதலில் எழுதச் சொல்வது, சரக்கு எந்த இடத்தில் கைமாறுகிறது என்பதை. ‘குன்னூரில் பார்சல் அலுவலகத்தில் ஒப்படைத்ததும் சரக்கு வாங்குபவருடையது’ என்று எழுதினால், மேட்டுப்பாளையம் வெயிலில் உருகும் நஷ்டம் அவருடையது. ‘பெங்களூரு கடையில் இறக்கிய பின்’ என்று எழுதினால் உங்களுடையது. குளிர்பெட்டிக்கு யார் செலவு செய்வது என்பதும் இதையொட்டியே முடிவாக வேண்டும். பிறகு, குறை இருந்தால் பெட்டியைத் திறந்த 48 மணி நேரத்துக்குள் படத்துடன் தெரிவிக்க வேண்டும் என்றும், வழக்கு நீலகிரி மாவட்ட நீதிமன்றங்களில் என்றும் எழுதுங்கள். சரக்கு குன்னூரில் ஒப்படைக்கப்படுவதால் இங்கே வழக்குக் காரணம் எழுகிறது. அதிகாரமே இல்லாத ஊரின் நீதிமன்றத்தை ஒப்பந்தத்தால் உண்டாக்க முடியாது என்பதால், இவ்விரண்டு வாசகங்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும்.

கேள்வி: நண்பரும் நானும் கோத்தகிரியில் காய்கறி ஏற்றும் வண்டித் தொழிலை 60க்கு 40 என்ற பங்கில் நடத்துகிறோம். பத்திரம் எழுதியிருக்கிறோம், பதிவு செய்யவில்லை. ஒரு மண்டிக்காரர் வாடகை பாக்கி வைத்திருக்கிறார். நண்பர் வேறு விலகப் போகிறார். அவர் உடனே போட்டித் தொழில் தொடங்கக் கூடாதென்று எழுதிக்கொள்ளலாமா? — வாசகர், கோத்தகிரி

பதில்: கூட்டுத் தொழிலுக்குப் பதிவு கட்டாயமில்லை என்று பலர் சொல்வது உண்மைதான், ஆனால் அது பாதி உண்மை. 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி, பதிவில்லாத கூட்டு நிறுவனம் ஒப்பந்தத்தின்பேரில் வெளியார்மீது வழக்குப் போட முடியாது. வெளியாரோ உங்கள்மீது தாராளமாகப் போடலாம். வழக்குப் போட்ட பின் பதிவு செய்தால் அந்தக் குறை நீங்காது. ஆகவே நண்பர் விலகுவதற்கு முன், மாவட்டப் பதிவாளரிடம் நிறுவனத்தைப் பதிவு செய்து, பதிவேட்டில் இருவர் பெயரும் ஏறிய பிறகு மண்டிக்காரருக்கு அறிவிப்பு அனுப்புங்கள். பதிவுக்கு முந்தைய பாக்கியாயினும், கால வரையறை முடியாதவரை கேட்கலாம்.

போட்டித் தடையைப் பொறுத்தவரை, தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்பது பொது விதி. கூட்டாளிகளுக்கு மட்டும் சட்டம் ஒரு விலக்குத் தருகிறது: விலகுபவர் குறிப்பிட்ட காலத்துக்கு அல்லது குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்வதில்லை என்று ஒப்புக்கொள்ளலாம், அது நியாயமான அளவில் இருக்க வேண்டும். கோத்தகிரி வட்டத்துக்குள் ஓராண்டு என்றால் நிற்கும் வாய்ப்பு உண்டு. தமிழ்நாடு முழுவதும் பத்தாண்டு என்று எழுதினால் முத்திரைத்தாள் செலவுதான் மிச்சம்.

கேள்வி: கொடைக்கானலில் ஒரு காட்டேஜை மூன்று ஆண்டு லீஸுக்கு எடுத்து, 5 லட்சம் முன்பணம் கொடுத்து, கூரையும் கழிப்பறையும் சீர்செய்தேன். முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முத்திரையும் வாங்கியிருக்கிறோம். ஓராண்டிலேயே உரிமையாளர் காலி செய்யச் சொல்கிறார். — வாசகர், கொடைக்கானல்

பதில்: வருந்தத்தக்க பதில்தான். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை, பதிவு செய்யப்பட்ட ஆவணத்தால் மட்டுமே உண்டாகும் என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 107ஆம் பிரிவு சொல்கிறது. நோட்டரியின் முத்திரை பதிவுக்கு ஈடாகாது. உங்கள் பத்திரத்தை மூன்று ஆண்டு என்ற காலத்தை நிரூபிக்கப் பயன்படுத்த முடியாது. மாதவாடகைக் குடியிருப்பாகக் கருதி 15 நாள் அறிவிப்பில் காலி செய்யக் கேட்கும் வாதம் அவருக்குக் கிடைக்கிறது. முன்பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை மட்டும் போகவில்லை. அதை வங்கிக் கணக்கின் மூலம் கொடுத்திருந்தால் பத்திரத்தின் துணை இல்லாமலே நிரூபிக்கலாம். சீரமைப்புச் செலவுக்கு உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் உண்டா என்று தேடுங்கள். குறுஞ்செய்தியாக இருந்தாலும் போதும். பேச்சு முறிவதற்கு முன் வட்ட சட்டப்பணிகள் குழுவிடம், வழக்குக்கு முந்தைய நிலையிலேயே, மக்கள் நீதிமன்றத்துக்கு மனுக் கொடுங்கள். அங்கு ஏற்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது.

லீஸுக்கு எடுக்க எண்ணும் மற்றவர்களுக்கும் சில வார்த்தைகள். கொடைக்கானலில் அனுமதியற்ற கட்டடங்கள் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் பூட்டி முத்திரையிடப்பட்டதை எல்லோரும் அறிவோம். கட்டட அனுமதியின் நகலை ஒப்பந்தத்தோடு இணைத்து, முத்திரை விழுந்தால் அன்றிலிருந்து வாடகை நிற்கும், முன்பணம் திரும்பும் என்று எழுதுங்கள். 2024 மே 7 முதல் இரண்டு மலைகளுக்கும் இ-பாஸ் வந்தது. மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை மூடுவதும் புதிதல்ல. இவற்றால் சுற்றுலாப் பயணிகள் குறைந்தால் வாடகை தானாகக் குறையாது. ஒப்பந்தம் நிறைவேற்ற இயலாமற்போனால் கடமை நீங்கும் என்ற ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, நடப்பிலுள்ள குத்தகைக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் முன்பே தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே இத்தனை நாள் சாலை மூடினால் இவ்வளவு கழிவு என்று எண்ணோடு எழுதினால்தான் கிடைக்கும்.

கேள்வி: கேத்தியில் கேரட் பயிரிட வியாபாரி ஒருவரிடம் 80,000 ரூபாய் முன்பணம் வாங்கினேன். ‘சரக்கைப் பிறருக்கு விற்றால் 5 லட்சம் தருவேன்’ என்று எழுதி வாங்கியதோடு, தொகை நிரப்பாத காசோலையிலும் கையெழுத்து வாங்கினார். முத்திரைத்தாளும் ஓராண்டுக்கு முன் வாங்கிய பழைய தாள். இது செல்லுமா? — வாசகர், கேத்தி

பதில்: தாள் பழையது என்பதால் தப்ப முடியாது. ஆறு மாதத்துக்குள் என்பது பயன்படுத்தாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவதற்கான காலம்தான் என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2008இல் விளக்கியது. முத்திரைத் தீர்வை குறைவாக இருந்தாலும் ஒப்பந்தம் இறந்துவிடாது. குறைந்த தீர்வையையும் தண்டத்தையும் கட்டிய பிறகு சாட்சியத்தில் ஏறும்.

5 லட்சம் உங்களைப் பயமுறுத்த எழுதியது. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி அது உச்சவரம்பே தவிர, முழுவதும் கொடுத்தாக வேண்டிய தொகை அல்ல. நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் வழங்கும். பயப்பட வேண்டியது காசோலைக்கு. வெற்றுக் காசோலையில் விரும்பிக் கையெழுத்திட்டவருக்கு, தொகையைப் பிறர் நிரப்பினாலும் பொறுப்பு உண்டு என்று 2019இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. கடன் அவ்வளவு இல்லை என்று காட்டும் சுமை உங்கள்மீது விழும். ஆகவே 80,000 ரூபாய் பெற்றதையும், இதுவரை கொடுத்த சரக்கின் எடை, விலை, கழிவையும், காசோலை ஈடாக மட்டுமே தரப்பட்டது என்பதையும் குறித்து இப்போதே பதிவு வசதியுடன் கூடிய விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அவருக்குக் கடிதம் அனுப்புங்கள். காசோலை திரும்பி உங்களுக்கு அறிவிப்பு வந்தால் 15 நாள்தான் அவகாசம். அதற்குள் வழக்கறிஞர் மூலம் மறுப்புக் கடிதம் சென்றிருக்க வேண்டும். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருப்பின் அதற்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவே வழக்கறிஞரை நியமித்துத் தரும். செல்லும்போது அறிவிப்பு வந்த உறையைக் கிழித்தெறியாமல் கொண்டு செல்லுங்கள். 15 நாளை அறிவிப்பு உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்து எண்ண வேண்டியிருக்கும்; அதைக் காட்ட உறையின்மேல் உள்ள தேதி உதவும்.