அடியிலையா, நுனியிலையா?
வீட்டுக்குள் பூக்கும் மிளகாய், தக்காளிச் செடிகள்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எல்.இ.டி. விளக்கின் கீழ், தேங்காய் நார்த்தூள் நிரப்பிய 10 லிட்டர் தொட்டியில் குடைமிளகாய் வளர்க்கிறேன். பூவெடுத்து இரண்டு வாரம் ஆகிறது. அடியிலைகளில் நரம்பு பச்சையாகவே இருக்க, இடையில் உள்ள பகுதி மட்டும் மஞ்சளாகிறது. பூக்கும் பருவ உரத்தைக் கூட்டிப் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. என்ன குறை?

பதில்: மக்னீசியம் குறை. அதை முற்றவிட்டது அநேகமாக நீங்கள் கூட்டிய உரம்தான். பூக்கும் பருவத்துக்கென்று வரும் உரங்களில் சாம்பல் சத்து (பொட்டாசியம்) தூக்கலாக இருக்கும். அது வேரின் வாசலில் மக்னீசியத்தோடு முட்டிமோதி, தான் முந்திக்கொள்ளும். நார்த்தூளும் சேர்ந்து கெடுக்கிறது. சரியாகப் பதப்படுத்தாத நார்த்தூள், நாம் ஊற்றும் சுண்ணாம்புச் சத்தையும் (கால்சியம்) மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, தன்னிடமுள்ள சாம்பல் சத்தையும் சோடியத்தையும் வெளியே தள்ளும்.

அடியிலையில் ஆரம்பிப்பது ஏன்? மக்னீசியம் செடிக்குள் இடம் மாறக்கூடிய சத்து. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவி, குருத்துக்கும் காய்க்கும் கொடுத்துவிடும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றும் இப்படித்தான். சுண்ணாம்பு, இரும்பு, போரான் ஆகியவை போன இடத்திலேயே தங்கிவிடும், அவற்றின் குறை குருத்தில்தான் தெரியும். எந்தக் கேள்வி அனுப்பினாலும் முதலில் 'அடியிலையா, நுனியிலையா' என்று எழுதுங்கள். பாதி நோயறிதல் அதிலேயே முடிந்துவிடும்.

மருந்துக்கு முன் வடிநீரைச் சோதியுங்கள். வழக்கம்போல் தண்ணீர் ஊற்றி அரைமணி முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். தட்டைத் துடைத்து வைத்து, மேலே 200 முதல் 300 மில்லி நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றினால், முதலில் வடியும் 50 மில்லிதான் வேர்ப்பகுதியின் உண்மை நிலை. அதில் ஈ.சி.யும் (கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) பி.எச்.சும் (அமில-காரத் தன்மை) பாருங்கள். நீங்கள் ஊற்றும் கரைசல் 2.0 மில்லிசீமன்ஸ், வடிநீர் 3.5-க்கு மேல் என்றால் உப்பு தேங்கியிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் எந்தச் சத்தைச் சேர்த்தாலும் வீண். பாதி வலுவுள்ள உரக்கரைசலை 20 லிட்டர் அளவுக்குச் சிறுகச் சிறுக ஊற்றி வடியவிடுங்கள். வெறும் தண்ணீரால் கழுவினால் நார்த்தூளில் இருக்கும் கொஞ்சநஞ்ச சுண்ணாம்புச் சத்தும் போய்விடும். பி.எச். 5.8-க்கும் 6.2-க்கும் நடுவில் நிற்கட்டும்.

அதன்பிறகு எப்சம் உப்பு. இலைக்கு லிட்டருக்கு 5 கிராம், வாரம் ஒருமுறையாக இரண்டு மூன்று முறை, விளக்கணைத்த பிறகு, இலையின் அடிப்புறம் நனையும்படி. வேருக்கு லிட்டருக்கு அரை கிராம், ஒவ்வொரு உரக்கரைசலிலும். எப்சம் உப்பில் மக்னீசியம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் என்பதால் இந்த அரை கிராம் அதிகமில்லை. மஞ்சளான இலை முழுதாகப் பச்சை திரும்பும் என்று காத்திருக்க வேண்டாம். அதற்கு மேலடுக்கு இலை பத்து நாளில் தப்புகிறதா என்று பாருங்கள், அதுதான் தேர்ச்சி மதிப்பெண்.

கேள்வி: எனக்கும் நரம்பு பச்சை, இடைவெளி மஞ்சள்தான். ஆனால் தக்காளியின் நுனிக் குருத்தில். மண்கலவை, பி.எச். 7.4. எப்சம் உப்பு கொடுத்தும் பயனில்லை.

பதில்: பயன் இருக்காது, இது இரும்பு. கோலம் ஒன்று, இடம் நேரெதிர். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, 7.4-இல் அது கரையாத நிலைக்குப் போய்விடுகிறது. இரும்பு சல்பேட்டை அள்ளிப் போட்டால் அதுவும் அதே கதிதான். இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் கொடுக்கிப் பிணைப்பு இரும்பு, அதாவது 'கீலேட்' வகை வாங்கும்போது பொட்டலத்தில் எழுத்தைக் கவனியுங்கள். ஈ.டி.டி.ஏ. ஏறக்குறைய பி.எச். 6.5 வரைதான் தாங்கும், டி.டி.பி.ஏ. 7.5-ஐ ஒட்டி, ஈ.டி.டி.எச்.ஏ. அதற்கும் மேலே. உங்கள் மண்ணுக்கு மூன்றாவதுதான் சரி. அளவு பொட்டலத்தில் உள்ளபடி.

அது தற்காலிகம். ஊற்றும் தண்ணீரை சிட்ரிக் அமிலம் கொண்டு 6.0 - 6.3 அளவுக்கு இறக்கிவந்தால் மண் மெல்ல வழிக்கு வரும். இன்னொன்று: வேர் குளிர்ந்து ஈரத்திலேயே ஊறிக்கிடந்தாலும் இரும்பு ஏறாது, இதே மஞ்சள் வரும். தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடை குறைந்திருந்தால் மட்டும் தண்ணீர். பி.எச். மானியை பி.எச். 4, 7 என்று அளவு தெரிந்த இரண்டு திட்டக்கரைசலிலும் சரிபார்த்த பிறகே அதன் எண்ணை நம்புங்கள்.

கேள்வி: மிளகாயில் பூ மொட்டோடு நுனியிலை சுருண்டு சிறுத்துவிட்டது. சுண்ணாம்புச் சத்துக் குறை என்று சொல்லி கால்சியம் தெளிக்கச் சொன்னார்கள். இரண்டு வாரமாகத் தெளிக்கிறேன்.

பதில்: தெளிப்பதை நிறுத்திவிட்டு இலையைத் திருப்பிப் பாருங்கள். மிளகாயில் இலை மேல்நோக்கிப் படகுபோல் குவிந்தால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் மஞ்சள் முரணைச் சிலந்தி. சுண்ணாம்புச் சத்துக் குறையில் இளம் இலையின் ஓரம் காய்ந்து பழுப்பாகும். முரணை தாக்கிய இலையோ தடித்து, விறைத்து, அடிப்புறம் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும், பின் செம்பழுப்பாகும்.

முரணை 0.2 மில்லிமீட்டர்தான், வெறுங்கண்ணுக்குச் சிக்காது. 10 மடங்கு கண்ணாடி போதாது, 40 மடங்காவது வேண்டும். குருத்துக்கு அடுத்த இரண்டாவது இலையின் நடுநரம்போரம் தேடுங்கள். பூச்சியைவிட முட்டை எளிதில் அகப்படும்: கண்ணாடிபோல் தெளிந்த நீள்வட்டம், அதன்மேல் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். இதைப் பார்த்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

உருக்குலைந்த நுனிகளை வெட்டிப் பைக்குள் போட்டுக் கட்டிவிடுங்கள். 80 சதவீத நனையும் கந்தகம் (வெட்டபிள் சல்ஃபர்) லிட்டருக்கு 2 கிராம், 5 நாள் இடைவெளியில் மூன்று முறை. செடியை வெளியே கொண்டுபோய், முகமூடி அணிந்து தெளியுங்கள். குடியிருக்கும் அறைக்குள் கூடாது. வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருந்தாலும், கடந்த இரண்டு வாரத்தில் வேப்பெண்ணெய் தெளித்திருந்தாலும் கந்தகம் இலையைப் பொசுக்கிவிடும். அப்படியானால் வேப்பெண்ணெயிலேயே தொடருங்கள்: லிட்டருக்கு 5 மில்லி, மென்சோப்புக் கரைசல் 2 மில்லி, மலர்ந்த பூவில் படாமல். சுருண்ட இலை விரியாது. இரண்டு வாரத்தில் வரும் புதுக்குருத்து நேராக வந்தால் வென்றீர்கள்.

கேள்வி: தக்காளியின் கீழிலைகள் குழாய்போல் மேல்நோக்கிச் சுருண்டு தோல்போலத் தடித்திருக்கின்றன. நிறம் மாறவில்லை, காய்ப்பும் குறையவில்லை.

பதில்: விட்டுவிடுங்கள். பக்கக் கிளைகளை ஒரேயடியாகக் கிள்ளினாலோ ஒளி கடுமையானாலோ இப்படி ஆகும். நோயல்ல.

கேள்வி: விளக்குக்கு அருகில் உள்ள இலைகள் வெளுக்கின்றன. சாம்பல் நோயா, வெளிச்சமா?

பதில்: ஈரவிரலால் தேயுங்கள். ஒட்டிக்கொண்டு வந்தால் பூஞ்சை, வராவிட்டால் வெளிச்சம். ஆனால் மிளகாயில் இந்தச் சோதனையை அடிப்புறத்திலும் செய்ய வேண்டும். அதன் சாம்பல் நோய் மேலே மங்கலான மஞ்சள் திட்டாக மட்டும் தெரிந்து, கீழேதான் வெண்பொடி பூக்கும். மேலே மட்டும் பார்ப்பவர்கள் இதையும் சத்துக்குறை என்று எண்ணி உரம் போடுவார்கள். பூஞ்சை என்றால் பொட்டாசியம் பைகார்பனேட் லிட்டருக்கு 5 கிராம், வாரம் ஒருமுறை. காற்று அசைய ஒரு சிறு விசிறியும் வையுங்கள்.

வெளிச்சம் என்றால் உச்சியிலை மட்டும், நரம்போடு சேர்ந்தே வெளுக்கும். கீழிலைகள் நன்றாக இருக்கும். விளக்கை 30 சென்டிமீட்டரிலிருந்து 45-க்கு ஏற்றுங்கள், அல்லது ஒளியைக் குறைத்து வையுங்கள். வெள்ளை எல்.இ.டி.யாக இருந்தால், இலை மட்டத்தில் 30,000 முதல் 40,000 லக்ஸ் காய்ப்புக்குத் தாராளம்.

கேள்வி: தக்காளி இலையின் அடியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள், பச்சையாக, மணல்போல் நெருடுகின்றன. பூச்சி எதுவும் இல்லை.

பதில்: இது நீர்க்கொப்புளம், தொற்று அல்ல. வேர் உறிஞ்சும் வேகத்துக்கு இலையால் ஆவியாக்க முடியாதபோது செல்கள் வீங்கிப் புடைக்கின்றன. சூரிய ஒளியில் இருக்கும் புறஊதாக் கதிர் விளக்கில் இல்லாததும் ஒரு காரணம், அதனால் சிவப்பு மிகுந்த எல்.இ.டி.யின் கீழ் வளரும் தக்காளியில் இது சகஜம். இரவில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விளக்கு எரியத் தொடங்கிய பிறகு ஊற்றுங்கள். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டாமல் பாருங்கள், தாண்டினால் மகரந்தமும் ஒட்டிக்கொண்டு உதிராது. கொப்புளம் பழுப்பாகிக் காய்ந்தால் அந்த இலையை மட்டும் எடுங்கள்.

கேள்வி: மஞ்சளான இலைகளை எல்லாம் கிள்ளிவிடலாமா?

பதில்: பாதிக்கு மேல் மஞ்சளானதை எடுக்கலாம். கொஞ்சம் பச்சை மிச்சமிருப்பதை விடுங்கள், செடி அதிலிருந்து இன்னும் உருவிக்கொண்டிருக்கும். தக்காளியில் பழுக்கும் கொத்துக்குக் கீழே உள்ளவற்றை நாளுக்கு இரண்டு மூன்றாக, காம்பை அடியோடு ஒடித்து எடுங்கள். குட்டையாக விட்ட காம்பில்தான் பூஞ்சை ஏறும். மிளகாயில் இந்த வேலையே தேவையில்லை, காய்ந்தது தானே விழும்.