டேட்டா ஆஃப் பண்ணா அம்மா அனுப்புற மெசேஜ் போகலையா? இதப் பாருங்க

வணக்கம் ப்ரோ, அம்மாவுக்கு கால் பேசுறதும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் இருக்குற பேக் போட்டுட்டீங்க, பேங்க் ஓடிபி எல்லாம் வருது ஆனா அவங்க உங்களுக்கு அனுப்புற மெசேஜ் மட்டும் சுத்திக்கிட்டே நிக்குதுன்னு கேட்டிருந்தீங்க.

சாதா எஸ்எம்எஸ்ஸுக்கு டேட்டா சுத்தமா வேணாம், டவர் சிக்னல் இருந்தா போதும், பழைய பட்டன் போன்ல போன அதே வழிதான், அதனாலதான் ஓடிபி வருது. உங்க சிக்கல் அனேகமா ஆர்சிஎஸ். கூகுள் மெசேஜஸ் ஆப்ல அது ஆன்ல இருந்தா, எதிர்ல இருக்கவங்களுக்கும் இருந்தா, மெசேஜ் இன்டர்நெட் வழியா போகப் பாக்கும், டேட்டா இல்லன்னா அங்கயே நின்னுடும். டைப் பண்ற பெட்டியில ஆர்சிஎஸ்னு போட்டிருக்கான்னு பாருங்க. ஆப்ல மேல இருக்குற ப்ரொஃபைல் படத்த தொட்டு செட்டிங்ஸ்குள்ள போய் ஆர்சிஎஸ் சாட்ஸ ஆஃப் பண்ணிடுங்க, எங்க மாமியார் போன்ல இதத்தான் செஞ்சேன், உடனே போச்சு. ஐபோன்னா ஐமெசேஜ், அதுவும் இதே கதைதான்.

போட்டோ சேத்து அனுப்பினா அது எம்எம்எஸ், அதுக்கு பெரும்பாலும் டேட்டா வேணும்.

இன்னொன்னு, தமிழ்ல டைப் பண்ணா ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்துதான், இங்கிலீஷ்ல 160. அதுலயும் 'கி'ன்னா ரெண்டா எண்ணும், புள்ளிக்கும் தனி கணக்கு (அநியாயம்தான்). அம்மா நீளமா எழுதுற ஆள்னா ஒரு மெசேஜே மூணு நாலா கழியும், பேக்ல எத்தன எஸ்எம்எஸ்னு பாத்து வச்சிக்குங்க.

வாட்ஸ்அப் வேற, அதுக்கு டேட்டாவோ வைஃபையோ இல்லாம ஒரு ஹாய் கூட போகாது.